தலையாட்டிக்கு ஆங்கிலம்

பியற்றிஸுக்கு வாய்தான் வயிற்றுப்பாடு. ஆனால் அந்த வாயில் சொந்தமாக ஒரு சொல்லும் வரக்கூடாது என்பது தொழிலின் நிபந்தனை. கோயில் மணி மாதிரித்தான்: கயிற்றை இழுக்கிறவன் யாரோ, சத்தம் மட்டும் மணியினுடையது. லண்டனில் ஐந்து வருடமாக அகதி வழக்குகளில் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டாதே, குறைக்காதே, மாற்றாதே என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். வழக்காளி ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் என்பது இரண்டாம் நாள் பாடம்.

ஆகவே ஐந்து வருடத்தில் பியற்றிஸ் எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். ‘என்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்கினார்கள்’ என்று காலை பத்து மணிக்குச் சொல்லிவிட்டு, ‘என் மகனைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்று பின்னேரம் மூன்று மணிக்குச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை கொட்டாவியை அடக்கிக்கொண்டும் சொல்லியிருக்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்டதையெல்லாம் நெஞ்சுக்குள் இறக்கினால் எந்த மனுசியும் ஒரு கிழமை தாங்கமாட்டாள்.

பிறந்தது மன்னாரில், பேசாலை. கட்டினது கிறிஸ்துநாயகத்தை. எண்பத்தொன்பதில் ஜேர்மனிக்குப் போய், டோர்ட்முண்டில் பதினான்கு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தாள். மகள் றொஷானி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று 2003இல் குடும்பத்தோடு லண்டனுக்கு மாறி, ஃபாரஸ்ட் கேட்டில் வீடு எடுத்தார்கள். மன்னார் கொன்வென்டில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் படிப்பித்த ஆங்கிலம் அங்கேதான் கைகொடுத்தது. டொக்டரிடமும் கவுன்சிலிலும் பேசத் தெரியாத அயலாட்களுக்குத் துணையாகப் போனவள், பிறகு அதற்கே பரீட்சை எழுதி மொழிபெயர்ப்பாளர் அட்டையும் வாங்கிவிட்டாள்.

இந்தக் கதை நடந்தது 2009 மே மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. வன்னியில் சனத்தை ஒரு துண்டு கடற்கரையில் அடைத்துவைத்துச் செல் குண்டு அடித்துக்கொண்டிருந்த நாட்கள். லண்டன் தமிழர்கள் போரை நிறுத்தக் கேட்டுப் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாகக் கிடந்தார்கள். கிறிஸ்துநாயகம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் பார்த்த குடோன் வேலைக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு அங்கேதான் நின்றார்.

“இண்டைக்கும் கோட்டில வழக்கோ?” சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டார். “அங்க சனம் சாகுது. நீர் வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில இருந்து கதை சொல்லப் போறீர்.”

“நான் போகாட்டி அந்தப் பெடியனுக்கு ஆர் கதைக்கிறது?”

“வழக்கு முடிஞ்சாப்பிறகு எண்டாலும் அங்க வந்து நில்லும்.”

“ஏலுமெண்டால் வாறன்.”

உண்மையில் அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. இரண்டு தரம் போனாள். ஆயிரம் பேர் ஒரே குரலில் கத்துகிற இடத்தில் அவளுடைய கண் மட்டும் முகம் முகமாகத் தேடியது: இவன் அப்போது எந்தப் பக்கம் நின்றவன்? இவன் யாருடைய ஆள்? அந்த வியாதி அவளுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள்.

இஸ்லிங்டனில் இருந்த விசாரணைக் கட்டடத்தின் காத்திருப்பு அறையில் வழக்காளி இருந்தான். பெயர் நிஷாந்தன், வயது முப்பத்தொன்று. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. அதன் கை அவனுடைய விரல் வரைக்கும் வந்தது. பிரித்தானிய உள்துறையான ஹோம் ஒஃபிஸ் அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தது. அதற்கு எதிரான மேன்முறையீடு இது. தோற்றால் விமானம். அவனுடைய வழக்கறிஞர், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், ஏதோ கடதாசியைப் பிரதி எடுக்க எழுந்து போனார். இருவரும் தனித்து விடப்பட்டார்கள்.

“அக்கா, நீங்கள் ஊரில எவடம்?”

வெள்ளைக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் மழையைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் இதைக் கேட்போம். நல்ல கேள்விதான். எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய மகள் என்று போய், கடைசியில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்து, தேத்தண்ணியோடு முடிய வேண்டிய கேள்வி. முப்பது வருடச் சண்டை அதைச் சோதனைச்சாவடி ஆக்கிவிட்டது. ஊரைச் சொன்னால் அந்த ஊரில் எந்த இயக்கம் நின்றது, நீ யாருக்குப் பயந்தவன் என்று கேட்டவன் தனக்குள் கணக்குப் போட்டுவிடுவான். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவும் கூடாது, பதில் சொல்லவும் கூடாது. பியற்றிஸுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் அவன் அக்கா என்று கூப்பிட்ட விதத்தில் வாய் தவறிவிட்டது.

“மன்னார். பிறகு எங்கட சொந்தக்காரர் வவுனியாவில இருந்தவை.”

வவுனியா என்ற சொல் விழுந்ததும் அவனுடைய முகம் கதவு சாத்தினது போல ஆயிற்று. அவன் எழுந்து ஒரு கதிரை தள்ளிப் போய் இருந்தான். வழக்கறிஞர் திரும்பி வந்ததும், பியற்றிஸைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னான்:

“வேற ஆளைப் போடேலுமோ எண்டு கேளுங்கோ. தமிழ்நாட்டு ஆளெண்டால் நல்லம்.”

பியற்றிஸ் தன்னைக் கழற்றிவிடச் சொல்லும் அந்த வசனத்தை ஓர் எழுத்துக் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். என்ன காரணம் என்று வழக்கறிஞர் கேட்டார். நிஷாந்தன் நிலத்தைப் பார்த்தான். “காரணம் இல்லாமல் கேட்க முடியாது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள்” என்று அவர் மூக்கைத் துடைத்தார்.

விசாரணை அறை சின்னது. மேலே ஜட்ஜ், கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். இடது பக்கம் ஹோம் ஒஃபிஸின் பிரதிநிதி, ஓர் இளம்பெண். றொஷானியை விட நாலைந்து வயது கூடினால் அதிகம். நிஷாந்தனுக்குப் பக்கத்தில், முழங்கை தொடும் தூரத்தில், பியற்றிஸ். மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா என்று ஜட்ஜ் கேட்டார். “ஓம், விளங்குது” என்று அவன் மெல்லச் சொன்னான்.

பிரதிநிதி எழுந்தாள். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். மரியாதையாகக் கேட்கப்படும் கேள்விக்குத்தான் பயப்பட வேண்டும்.

“தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வவுனியாவில் இராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய ஓர் ஆயுதக்குழு உங்களைப் பிடித்து மூன்று மாதம் வைத்திருந்தது என்கிறீர்கள். பிறகு விட்டுவிட்டார்கள். பத்து வருடம் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தீர்கள். போன வருடம் அதே குழு உங்களைத் தேடி வந்தது என்கிறீர்கள். ஏன் விட்டார்கள்? விட்டவர்கள் ஏன் திரும்பித் தேட வேண்டும்?”

“தெரியாது,” என்றான் நிஷாந்தன். “தெரியாது,” என்றாள் பியற்றிஸ் ஆங்கிலத்தில்.

“உங்களுடைய நேர்காணல் பதிவில் நாற்பத்தோராவது கேள்வி. உங்களை என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு, ‘என்னைச் சாக்கில் போட்டார்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும் ஆளாக ஆக்கினார்கள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். எதற்கு ஆமாம் சொன்னீர்கள்? ஆமாம் சொல்கிற ஒருவரைச் சாக்கில் போடுவானேன்? இது நம்பத்தக்கதாக இல்லை.”

பியற்றிஸ் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். சாக்கு என்று சொல்லும்போதே அவளுக்குள் ஏதோ இடறியது. சொல்லி முடிப்பதற்குள் நிஷாந்தன் பதறிவிட்டான்.

“ஓம் போட்டனான் எண்டு நான் சொல்லேல்லை அக்கா! என்னைத் தலையாட்டி ஆக்கினவங்கள் எண்டுதான் அவருக்குச் சொன்னனான்.”

அவளுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. நேர்காணலில் மொழிபெயர்த்தவர் சென்னைக்காரராக இருந்திருப்பார். அவருடைய ஊரில் தலையாட்டி என்றால் சொன்னதற்கெல்லாம் சரி என்கிறவன். தஞ்சாவூர்ப் பொம்மை. பாவம், அவரில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எண்பதுகளிலிருந்து வேறு உடம்பு. இராணுவத்தார் ஊரைச் சுற்றிவளைப்பார்கள். ஆண்களை எல்லாம் வரிசையில் விடுவார்கள். வரிசை போகிற வழியில் ஒரு ஜீப்புக்குள், தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து ஒருவனை இருத்தியிருப்பார்கள். அவன் தலையை ஆட்டினால் முன்னால் நிற்கிறவனை இழுத்துக்கொண்டு போவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவன்தான் தலையாட்டி.

பியற்றிஸின் தம்பி கஸ்பரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். தொண்ணூற்றெட்டு ஜூன், வவுனியா. வயது இருபத்திரண்டு. சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் அப்போது டோர்ட்முண்டில் இருந்தாள். மூன்று கிழமை கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. ‘ஒருத்தன் தலையாட்டினவனாம், தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களாம்.’ அம்மா ஏறாத இராணுவ முகாம் இல்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அறிமுகமில்லாதவன் எப்படித் தலையாட்டுவான், தெரிந்தவன்தான் ஆட்டியிருப்பான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். கஸ்பரோடு ஒரே அறையில் இருந்த கிருஷ்ணராசா அந்த நாட்களில் ஊரில் காணாமல் போய்விட்டான் என்பதால் அவன் தலையில் பழி விழுந்தது. அந்தக் கிருஷ்ணராசா இப்போது பார்க்கிங்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான். ஆறு வருடமாக அவன் வணக்கம் சொல்வான், பியற்றிஸ் றோட்டின் மற்றப் பக்கம் மாறிப் போவாள். அவளைப் பார்த்து நாலு குடும்பம் அவனிடம் சாமான் வாங்குவதை நிறுத்தியது.

“மொழிபெயர்ப்பாளர்?” என்றார் ஜட்ஜ்.

அதற்குள் நிஷாந்தன் அவளுடைய பக்கம் சரிந்து, உதடு அசையாமல் சொன்னான்: “அக்கா, அதை அப்பிடியே விடுங்கோ. ஓம் போட்டனான் எண்டே சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அறையில் பேசப்படும் எதையும் விழுங்கக்கூடாது. பியற்றிஸ் நிமிர்ந்து, அவனுடைய ‘நான்’ ஆக ஆங்கிலத்தில் சொன்னாள்: “அக்கா, அதை அப்படியே விட்டுவிடுங்கள். நான் ஆமாம் சொன்னதாகவே சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.”

வழக்கறிஞர் மூக்கை உறிஞ்சவும் மறந்துபோனார்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை விளக்க அனுமதி கேட்கிறார்,” என்றாள் பியற்றிஸ். தன் வாயால் ஏதும் சொல்ல நேர்ந்தால் தன்னையே இப்படி மூன்றாம் ஆளாகச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. விளக்கினாள். ஜீப், சாக்கு, இரண்டு ஓட்டை, வரிசை. ஜட்ஜின் பேனா பாதியில் நின்றது. விளக்கி முடித்து, அதையே நிஷாந்தனுக்கும் தமிழில் சொன்னாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

இதை ஏன் உங்களுடைய வாக்குமூலத்தில் எழுதவில்லை என்று ஜட்ஜ் கேட்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அவன் கையை எடுத்துவிட்டுப் பேசினான்.

“வாக்குமூலம் எழுதின சொலிசிட்டரிட்டை மொழிபெயர்க்க வந்தவர் இஞ்சை ரெய்னர்ஸ் லேனில இருக்கிற ஆள். எங்கட ஆள். அவருக்குச் சொன்னால் நாளைக்கு லண்டன் முழுக்கத் தெரியும். நான் பிடிச்சுக் குடுத்த ஆக்களின்ர சகோதரங்கள் இஞ்சை இருப்பினம். ஹோம் ஒஃபிஸில வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். எங்கட ஆள் இல்லை எண்டபடியாத்தான் அவருக்கு உண்மையைச் சொன்னனான்.”

விளங்காத மனிதரைத் தேடிப்பிடித்து உண்மையைச் சொல்லியிருக்கிறான். பியற்றிஸ் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘சகோதரங்கள்’ என்ற சொல்லோடு நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள்.

இந்த நேரத்தில் அவள் எழுந்து சொல்லியிருக்க வேண்டும்: எனக்கு இந்த வழக்கில் தனிப்பட்ட சம்பந்தம் இருக்கலாம், நான் விலகுகிறேன் என்று. சட்டம் அதுதான். அவள் சொல்லவில்லை. பதினொரு வருடமாகத் தேடின கதவின் சாவி பக்கத்துக் கதிரையில் வியர்த்துக்கொண்டிருந்தது. கேள்வி கேட்க அவளுக்கு உரிமையில்லை. ஆனால் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருத்தி எதிரே நின்றாள்.

“ஏன் திரும்பத் தேடினார்கள்?”

“வன்னியால சனம் அப்பவே வெளிய வரத் தொடங்கீட்டுது. முகாமில வைச்சு ஆக்களைப் பிரிக்கத் தலையாட்டி வேணும். முந்திச் செய்தவன்தானே, வந்து செய் எண்டு கேட்டு வந்தவங்கள். அதுதான் ஓடி வந்தனான்.”

அந்த ஒரு சொல் சரியானதும் நம்பமுடியாத கதை நம்பக்கூடியதாகிவிட்டது. திருப்பி அனுப்பினால் இவனுக்குச் சாக்கு தயாராக இருக்கிறது. பிரதிநிதிக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். அவள் உடனே வேறு பக்கத்தால் வந்தாள். மனிதருக்குக் கொடுமை செய்தவனுக்குப் பாதுகாப்புக் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அதற்குள் இவனைத் தள்ளப் பார்த்தாள்.

“அந்த ஜீப்பில் என்ன நடந்தது?”

“என்னைத் தலையாட்ட வைச்சவங்கள்,” என்றான் நிஷாந்தன்.

“நான் தலையாட்டினேன்,” என்றாள் பியற்றிஸ் ஆங்கிலத்தில்.

பொய் சொல்லவில்லை. ‘வைச்சவங்கள்’ என்ற ஒரு சொல்லைக் கீழே போட்டாள், அவ்வளவுதான். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவனுக்கு ஆங்கிலம் தெரியாது. கை தவறியா போட்டாள்? இல்லை. போடும்போது அவளுக்கு இனித்தது. கஸ்பரின் முகம், அம்மாவின் கடிதம், ஏறி இறங்கின முகாம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லால் வட்டி கட்டினது போல இனித்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. பிரதிநிதி ஓர் அடி முன்னே வந்தாள். “அப்படியென்றால் நீங்களாகவே தலையாட்டினீர்கள்?”

அந்தக் கேள்வியையும் பியற்றிஸ்தான் தமிழில் அவனிடம் கொடுக்க வேண்டும். “அப்ப நீங்களாத்தான் தலையாட்டினனீங்களோ எண்டு கேக்கினம்.”

அவன் திகைத்து அவளைப் பார்த்தான். கோபமில்லை. எங்கேயோ தான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று தேடுகிற பார்வை. “ஆட்ட வைச்சவங்கள் எண்டெல்லோ சொன்னனான் அக்கா?”

கிட்டத்தட்ட மகளுடைய வயதுக்காரி ஒருத்தியின் பேனா, பியற்றிஸ் போட்ட பிழையை வைத்து எழுதிக்கொண்டிருந்தது. பியற்றிஸுக்குக் காது சுட்டது. தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது.

“மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டுவிட்டார்,” என்றாள். “வழக்காளி சொன்னது: ‘என்னைத் தலையாட்ட வைத்தார்கள்.’ பிழை முழுக்க மொழிபெயர்ப்பாளருடையது.”

ஐந்து வருடத்தில் முதல் பிழை. ஜட்ஜ் எழுதினதை வெட்டித் திருத்தி எழுதினார். வழக்கறிஞர் நீண்ட மூச்சு விட்டார். பிரதிநிதி விடவில்லை. எப்படி வைத்தார்கள், எத்தனை பேர், யார் யார் என்று கேட்டாள்.

“எனக்குப் பின்னால ஒருத்தன் பிஸ்டலோட இருந்தவன். அவன் முதுகில பிஸ்டலால தட்டினால் நான் ஆட்ட வேணும். ஆட்டாட்டி என்னைச் சுடுவன் எண்டு சொன்னவன். ஒரு நாள்தான் இருத்தினவங்கள். நாலு பேருக்கு ஆட்டினனான்.”

“அவர்களை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்ச முகம் வந்தால் நான் கண்ணை மூடிப்போடுவன், தட்டினாலும் ஆட்டமாட்டன். தெரியாத ஆக்களுக்குத்தான் ஆட்டினனான். ஊருக்குப் புது ஆக்கள்.”

பியற்றிஸ் சொல்லிக்கொண்டே போனாள். குரல் அவளை அறியாமலே ஒழுங்காக வந்தது. பார்க்கிங் மரக்கறிக் கடை வாசலில் கையுயர்த்திச் சிரிக்கப் பார்த்த கிருஷ்ணராசாவின் முகம் வந்து நின்றது. தெரிந்தவன் காட்டிக்கொடுத்தான் என்று பதினொரு வருடம் நம்பியிருந்தாள். சாக்குக்குள் இருந்தவனுக்குத் தெரியாத முகம் என்பதால்தான் கஸ்பர் போயிருக்கலாம்.

“அந்த நாலு பேருக்கும் என்ன நடந்தது?” என்று கேட்டாள் பிரதிநிதி.

பியற்றிஸ் கேட்க நினைத்த கேள்வி அதுதான். தமிழில் அதைச் சொல்லிவிட்டு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது,” என்றான் அவன்.

“தெரியாது,” என்றாள்.

“நாலு முறையும் முதுகில் தட்டினார்கள், நீங்கள் பயத்தில் ஆட்டினீர்கள். அப்படித்தானே?” வழக்கறிஞர் இடையில் எழுந்து இதைக் கேட்டார். அவனைக் கரையேற்றுகிற கேள்வி. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நிஷாந்தன் இரவல் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டான். பிறகு ஜட்ஜைப் பார்க்காமல் பியற்றிஸைப் பார்த்துச் சொன்னான்.

“மூண்டு தரம்தான் தட்டினவன். நாலாவதுக்கு ஒருத்தரும் தட்டேல்லை. நானாத்தான் ஆட்டினனான். நல்ல வெயில் அக்கா. சாக்குக்குள்ள மூச்சு விடேலாமல் கிடந்தது. இன்னும் ஒரு ஆளைக் காட்டினால் கழட்டி விடுவாங்கள் எண்டு நினைச்சனான். முகத்தைப் பாக்க ஏலாமல் அந்த ஆள் போட்டிருந்த சேட்டைத்தான் பாத்தனான். ஆட்டினனான். கழட்டி விட்டவங்கள்.”

விடச் சொல்லிக் கும்பிட்டவன் இதை ஏன் சொன்னான் என்று யாருக்குத் தெரியும். ஒரு சொல்லுக்காக அவள் தன் பிழையை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதைப் பார்த்தவன் அவன். அது காரணமாக இருக்கலாம். பதினொரு வருடம் ஒருவரிடமும் சொல்ல முடியாத ஒன்று, வாய் திறந்ததும் தானே வந்து விழுந்திருக்கலாம்.

இப்போது அவள் சொல்ல வேண்டும். ‘நான்’ என்று சொல்ல வேண்டும்.

“மூன்று முறைதான் தட்டினான்,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “நான்காவதற்கு ஒருவரும் தட்டவில்லை. நானாகவேதான் தலையாட்டினேன். கடுமையான வெயில். சாக்குக்குள் என்னால் மூச்சுவிட முடியவில்லை. இன்னொருவரைக் காட்டினால் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த ஆள் போட்டிருந்த சட்டையைத்தான் பார்த்தேன். தலையாட்டினேன். கழற்றிவிட்டார்கள்.”

ஒரு சொல்லும் குறையவில்லை, கூடவில்லை. சொல்லி முடித்ததும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளை வேண்டுமா என்று ஜட்ஜ் அவளைத்தான் கேட்டார்.

“மொழிபெயர்ப்பாளர் இந்த வழக்கிலிருந்து விலக அனுமதி கேட்கிறார். இதை முன்பே கேட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் தம்பியை 1998 ஜூனில் வவுனியாவில் ஒரு தலையாட்டி காட்டிக்கொடுத்தான். தம்பி திரும்பி வரவில்லை. அந்த ஆள் இவர்தானா என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது.”

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வழக்கை ஒத்திவைப்பதாகவும், அடுத்த தடவை வேறு மொழிபெயர்ப்பாளர் வருவார் என்றும், அவர் முன்னால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். “இப்போது இங்கே பேசப்பட்டதை வழக்காளிக்குச் சொல்லிவிடுங்கள். அதோடு உங்கள் கடமை முடிந்தது,” என்றார் மென்மையாக.

பியற்றிஸ் கதிரையைத் திருப்பினாள். நிஷாந்தன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திவைப்பைச் சொன்னாள். வேறு ஆள் வருவார் என்பதைச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“என்ர தம்பியையும் வவுனியாவில தலையாட்டிப் பிடிச்சவை. அதை ஜட்ஜுக்குச் சொன்னனான். அதுதான் நான் விலகிறன்.”

“எப்ப அக்கா?”

“தொண்ணூற்றெட்டு. ஆறாம் மாதம்.”

அவன் மெல்லக் கண்ணை மூடினான். திறந்தபோது அது நிறைந்திருந்தது. கடைசியாக, பயந்து பயந்து கேட்டான்:

“அவர் என்ன நிறச் சேட்டு போட்டிருந்தவர்?”

“என்ன கேட்கிறார்?” என்றார் ஜட்ஜ்.

“என் தம்பி என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று கேட்கிறார்,” என்றாள் பியற்றிஸ் ஆங்கிலத்தில்.

அவள் அன்றைக்கு டோர்ட்முண்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கடிதத்தில் திகதி இருந்தது, நேரம் இருந்தது, சைக்கிள் கடையின் பெயர் இருந்தது. சட்டையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைக் கேட்க அவளுக்குப் பதினொரு வருடத்தில் ஒரு தரமும் தோன்றவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய அம்மாவும் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். நிஷாந்தன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தெரியாது தம்பி,” என்றாள்.